துரைமார் தோளேறிய துப்பாக்கி

பழைய இராணுவ ரைபிள்களைச் சேகரித்துப் பேணுவோர் பல தேசங்களில் உளர். இரண்டாம் உலக மகாயுத்தத்திற்குப் பின்னர் அரசாங்கங்கள் மிகையென்று கழித்துவிட்டவற்றை அமெரிக்க வணிகர்கள் மலிவாக விற்க, வாங்கியவர்கள் அவற்றின் மீதிருந்த ஆலை முத்திரையையும், ஆண்டையும், எந்தத் தோட்டாவுக்கென்று குழாயின் அறை கடையப்பட்டது என்பதையும் கொண்டு ஒவ்வொரு துப்பாக்கியின் பூர்வோத்தரத்தையும் ஆராயலாயினர். அந்த ஆராய்ச்சியில் இலங்கை மலைநாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உரியது. ஆனால் அதன் சாரமாகிய விஷயம் எந்த முத்திரையிலும் பொறிக்கப்படவில்லை. அத்துப்பாக்கி யார் கையில் இருந்தது, யார் கைக்கு எட்டாமல் இருந்தது என்பதே அது.

1900ஆம் ஆண்டில், கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு, இலங்கைத் தோட்டக்காரர் ரைபிள் படை ஸ்தாபிக்கப்பட்டது. இதில் சேர்ந்தோர் அனைவரும் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரே. நுவரெலியாவிலும் அட்டனிலும் திம்புளையிலும் காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பிய பெரிய துரையும் சின்னத் துரையும், ஓய்ந்த வேளைகளில் அரசாங்கத்தின் ரைபிளைத் தோளிலேற்றிப் பயிற்சி செய்யும் தொண்டர் படைவீரர்களாகவும் விளங்கினர். காடழித்துத் தேயிலை நட்ட தமிழ்த் தொழிலாளிக்கோ அப்படையில் இடமே இருந்ததில்லை.

அக்காலப் பிரித்தானிய இராணுவத்தின் ஆயுதம், ‘திரீ நொட் திரீ’ என்று நம்மவர் நாவிலும் பழகிப்போன .303 தோட்டாவைச் சுடும் போல்ட் ரைபிளாகும். 1888இல் வந்த, லீ-மெற்போர்ட் எனப் பெயர்பெற்ற இத்துப்பாக்கி, புகையற்ற கோர்டைட் மருந்தின் வெப்பத்தால் குழாயின் மென்மையான சுழிவரிகள் விரைந்து தேயவே, 1895இல் ஆழமான வரிகள் கொண்ட லீ-என்பீல்டாக மாற்றம் பெற்றது. ஆயினும் தென்னாபிரிக்க யுத்தத்தில், ஐந்து தோட்டாக்களை ஒரே அழுத்தில் நிரப்பவல்ல 7 மில்லிமீற்றர் மௌசர் ரைபிளுடன் போயர்கள் எதிர்த்து நின்றபோது, ஒவ்வொன்றாகத் தோட்டா இடும் முறையின் குறை வெளிப்பட்டது. அந்த யுத்தத்திற்கு இலங்கையிலிருந்து தொண்டர்கள் சென்றனர். அங்கே சிறைப்பட்ட போயர்களில் ஏறக்குறைய 5,000 பேர் 1900 முதல் தியத்தலாவை முகாமிற்குக் கொண்டுவரப்பட்டனர். போர்க்களத்தில் போயர்களிடம் கற்ற பாடமே, பத்துத் தோட்டாக்களைக் கொண்டதும் கிளிப்பினால் நிரப்பக்கூடியதுமான குறுகிய லீ-என்பீல்டை உருவாக்கியது.

சேகரிப்போரை வியப்பில் ஆழ்த்தும் அபூர்வத் தோட்டாக்களின் பிறப்புக்கும் ஆட்சியாளரின் அச்சமே பெரிதும் ஹேதுவாயிற்று. இராணுவத் தோட்டா குடிமக்கள் கையில் சேர்ந்தால் கலகத்திற்கு உதவும் என்றஞ்சிய இந்திய அரசாங்கம், .303 அளவைத் தனியார்க்கு விலக்கிற்று. ஆகவே லீ-என்பீல்டின் அதே அமைப்பில், ஆஸ்திரியாவின் 8 மில்லிமீற்றர் மன்லிக்கர் தோட்டாவுக்கு ஏற்ப அறை கடைந்து, .315 வேட்டை ரைபிளைச் செய்து விற்றனர். வங்காளத்து இஷாப்பூர் ஆலை அதனை இந்தியச் சுதந்திரத்திற்குப் பின்னரும் செய்துவந்தது. இந்தியப் பொலிசுக்கும் காவலர்க்குமோ, லீ-என்பீல்டின் சுழிவரிகளைக் கடைந்தகற்றி, ஒற்றைத் தோட்டா மட்டுமே ஏற்கும் .410 வழுவழுப்புக் குழாய்த் துப்பாக்கியாக மாற்றி வழங்கினர். குடிகளை எவ்வளவு நம்பலாம் என்று ஆட்சியாளர் எண்ணினரோ, அந்த அளவே துப்பாக்கியின் துவாரத்தில் பதிந்திருக்கிறது.

முதலாம் உலக மகாயுத்தம் மூண்டதும், 1914 ஒக்டோபரில் மேஜர் ஹோல் பிரவுன் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் அடங்கிய தோட்டக்காரர் படை எகிப்துக்குக் கப்பலேறி, சூயஸ் கால்வாயைக் காத்து, பின்னர் கலிப்போலியில் படைத்தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலாகவும் நின்றது. அவர்களுள் மாண்டோரின் வீரத்தைக் குறைத்துக் கூற எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் அடுத்த ஆண்டே, கண்டியில் மூண்ட சிங்கள-முஸ்லிம் கலவரத்தை அடக்க 1915 ஜூன் 2இல் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. பஞ்சாபிப் படையினருடன் ஐரோப்பியத் தொண்டர்களும் துப்பாக்கி ஏந்திச் சென்று, விசாரணையின்றிச் சுட்டுக் கொன்ற கொடுமைகளை எதிர்த்துச் சட்டநிரூபண சபை உறுப்பினர் பொன்னம்பலம் இராமநாதன் இலண்டன் வரை சென்று வாதாடினார். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் முன்னும் துப்பாக்கி மௌனமாயிருக்கவில்லை: 1940 ஜனவரியில், வேலைநிறுத்தம் நிகழ்ந்த முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார்.

1949இல் தோட்டக்காரர் ரைபிள் படை கலைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. ஆயுதத்தை ஒப்படைத்த துரைமார்க்குத் திரும்பிச் செல்ல ஒரு தேசம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அம்மலைகளில் உழைத்தோர்க்கோ சொந்தமென்று கூற எந்தத் தேசமும் இல்லாது போயிற்று.

ஆகவே, பழந்துப்பாக்கிகளின் நுட்பத்தை விரும்பிக் கற்போர் கற்கட்டும். அது பயனுள்ள கல்வியே. ஆனால் அத்துடன் நில்லாது, கம்பளைக்கு அருகே தொழிலாளரின் லயக்காம்பராவையும் அவர் கையாண்ட கருவிகளையும் காக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் அவர்கள் ஒருமுறை சென்று காணவேண்டும். துப்பாக்கி ஏந்தியவரின் படைச் சரித்திரம் எழுதப்பட்டுவிட்டது. கவ்வாத்துக் கத்தி ஏந்தியவரின் சரித்திரத்தை முதியோர் மறையுமுன் கேட்டு எழுதிவைக்கும் கடமை மலையகத்து இளைஞர்களுடையது.