கண்ணாடி விளக்குக்குக் காது முளைத்த கதை

கண்ணாடியை ஊதிக் குடுவை செய்யலாம்; ஊதிக் கைப்பிடி செய்ய முடியாது. இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு சங்கடத்தைச் சுற்றித்தான்.

உலையில் உருகிக் கிடக்கும் கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் சுற்றி எடுத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் அது உப்பும். உப்பினால் உள்ளே வெற்றிடம். எண்ணெய் ஊற்றும் கிண்ணத்துக்கு வேண்டியது அதுதான். கைப்பிடிக்கு வேண்டியதோ நேர்மாறு: உள்ளே வெற்றிடமே இல்லாத, விரல் நுழைத்துத் தூக்கினால் தாங்கக்கூடிய கெட்டியான வளையம். சரி, இரும்பு அச்சிலேயே கைப்பிடிக்கும் ஒரு பள்ளம் வெட்டிவைத்து மொத்தமாக ஊதிவிட்டால் என்ன? காற்று அந்த வளைவுக்குள்ளும் நுழையப் பார்க்கும். பாதி வழியிலேயே கண்ணாடி இறுகி நின்றுவிடும். முழுக்கப் போய்ச் சேர்ந்தாலும் கிடைப்பது முட்டை ஓடு கனத்தில் ஒரு பொள்ளல் வளையம். எண்ணெய் நிறைந்து எரிகிற விளக்கை அதை நம்பி யார் தூக்குவது?

கண்ணாடியை ஊதும் வித்தை கி.மு. முதல் நூற்றாண்டில் சிரிய, பாலஸ்தீனக் கடற்கரைப் பக்கம் தோன்றியது. ரோமானியர்கள் அதைத் தங்கள் பேரரசு முழுவதும் கொண்டுபோனார்கள். அவர்கள் செய்த கூஜாக்களுக்கும் கைப்பிடி உண்டு. ஆனால் அது தனி வேலை. ஊதி முடித்த பாத்திரம் சூடாக இருக்கும்போதே இன்னொரு ஆள் சிறு கட்டி கண்ணாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் ஒட்டுவார். கைவினைஞர் அதை இடுக்கியால் இழுத்து, வளைத்து, மறுநுனியையும் பாத்திரத்தோடு பதித்து, மிச்சத்தைக் கத்தரிப்பார். கண்ணாடி இறுகுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் இந்த முறைக்குக் குறை ஒன்றும் வந்ததில்லை. கைப்பிடி வைத்த கண்ணாடிப் பாத்திரம் வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர். கூடுதல் வேலைக்குக் கூடுதல் விலை கொடுக்கவும் அவர்களால் முடிந்தது.

அந்த நிலையைக் குலைத்தது மண்ணெண்ணெய்.

அதற்கு முன் அமெரிக்க வீடுகளில் வசதி உள்ளவர்கள் திமிங்கில எண்ணெய் எரித்தார்கள். அது கட்டுப்படியாகாதவர்கள் டர்பன்டைனையும் சாராயத்தையும் கலந்த ஒரு திரவத்தை எரித்தார்கள். வெளிச்சம் பிரமாதம், ஆனால் வெடிக்கும். 1846-ல் கனடாக்காரரான ஆபிரகாம் கெஸ்னர் நிலக்கரியிலிருந்து விளக்கெண்ணெய் வடித்துக் காட்டினார். 1853-ல் போலந்துக்காரரான இக்னாசி உகாசியேவிச் வடித்துக் கொடுத்த எண்ணெயில் லிவிவ் நகர மருத்துவமனையில் விளக்கு எரிந்தது. 1859 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் தோண்டிய கிணறு 69½ அடி ஆழத்தில் எண்ணெயைத் தொட்டது. மூன்று ஆண்டு கழித்து அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் செலவுக்காகச் சாராயத்துக்கு காலன் ஒன்றுக்கு 20 சென்ட் வரி போட்டார்கள். போர் முடிவதற்குள் அது இரண்டு டாலரைத் தொட்டுவிட்டது. டர்பன்டைன் விளக்குகளின் கதை அதோடு முடிந்தது. போட்டிக்கு ஆளில்லாமல் மண்ணெண்ணெய் உள்ளே நுழைந்தது. புதுப்பொருள் ஒன்று ஜெயித்தால் கண்டுபிடித்தவரின் பேரைப் புகழ்கிறோம். பாதி நேரம் வெற்றிக்கு வழிவிட்டது வரி போட்ட குமாஸ்தாவாக இருக்கும்.

மண்ணெண்ணெய் நீர்த்த எண்ணெய். திரி வழியே தானாக ஏறும். அதனால் கிண்ணம் கீழே, சுடர் மேலே என்று வைத்துக்கொள்ளலாம். மேலே ஒரு சிம்னி மாட்டினால் காற்றை இழுத்துப் புகையில்லாமல் எரியும். விலையும் மலிவு. வீட்டுக்கு ஒரு விளக்கு என்றிருந்தது, இரண்டு மூன்று ஆயிற்று. ஆனாலும் அறைக்கு ஒன்று என்று வாங்கிவைக்க எல்லாருக்கும் முடியாது. சமையலறையில் எரிவதைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும், கொட்டகைக்குப் போக வேண்டும், நடுராத்திரி அழுகிற குழந்தையிடம் போக வேண்டும். கால் வைத்த உயரமான மேசை விளக்கு இதற்கு ஆகாது. குட்டையாக, தட்டையான அடியோடு, பக்கத்தில் ஒரு விரல் நுழையும் காதோடு ஒரு விளக்கு தேவைப்பட்டது. பழைய விளக்குகளைச் சேகரிக்கும் அமெரிக்கர்கள் இன்றும் அதை விரல் விளக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

தேவை ஆயிரக்கணக்கில். ஒட்டுகிற கை ஒன்றிரண்டு.

பிட்ஸ்பர்க் நகரத்துக்கு இங்கே வர வேண்டும். மூன்று ஆறுகள் கூடும் ஊர். மலையைத் தோண்டினால் நிலக்கரி. 1797-லேயே அங்கே கண்ணாடி உலை போட்டுவிட்டார்கள். 1825-ல் அதே ஊரின் பேக்வெல் குடும்பத்தார் மேசை இழுப்பறைகளுக்கான கண்ணாடிக் குமிழ்களை அச்சில் அழுத்தி வார்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு, மேலிருந்து ஒரு தண்டை நெம்புகோலால் இறக்கி அழுத்துவது. ஊதுவதற்கு ஆளே வேண்டாம். குமிழில் ஆரம்பித்தது தட்டு, கிண்ணம், உப்புக்குப்பி என்று பரவியது. அழுத்தி வார்த்தால் கைப்பிடியும் கெட்டியாக வரும். ஆனால் அழுத்துகிற தண்டு உள்ளே போய் வெளியே வர வேண்டும். ஆகவே பாத்திரத்தின் வாய் அகலமாக இருந்தே தீர வேண்டும். விளக்கின் எண்ணெய்க் கிண்ணமோ வயிறு பெருத்து, வாய் ஒடுங்கிய உருவம். தண்டை இறக்கி அப்படி ஒரு வயிறு செய்ய வழியில்லை. அதை ஊதித்தான் ஆக வேண்டும்.

ஆக, பிடி வேண்டுமென்றால் அழுத்து; வயிறு வேண்டுமென்றால் ஊது. ஒரே பொருளில் இரண்டும் வேண்டும்.

இடையில் கண்ணாடியே மாறிவிட்டது. அதுவரை நல்ல சாமான்களுக்கு ஈயம் கலந்த கண்ணாடியைத்தான் பயன்படுத்தினார்கள். 1864-ல் வீலிங் நகரின் ஹாப்ஸ், பிராக்குனியர் ஆலையில் வில்லியம் லைட்டன் ஈயத்துக்குப் பதிலாகச் சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிவான கண்ணாடி உருக்கும் பக்குவத்தைக் கண்டார். எடை குறைவு, செலவு இன்னும் குறைவு. தட்டினால் ஈயக் கண்ணாடியைப் போல மணி ஓசை வராது. விளக்கை யார் தட்டிப் பார்க்கப் போகிறார்கள்? ஆலைகள் மளமளவென்று அதற்கு மாறின. ஆனால் அதில் ஒரு குணம் உண்டு. ஈயக் கண்ணாடி நெடுநேரம் இளகியிருந்து கைவினைஞருக்கு அவகாசம் கொடுக்கும். சோடாக் கண்ணாடி சீக்கிரம் இறுகிவிடும். பொறுமையாக இழுத்து வளைத்துக் கைப்பிடி ஒட்டும் கலைக்குப் பொறுமையில்லாத சரக்கு வந்து சேர்ந்தது. அச்சிலேயே காது வைக்கும் யோசனை சரியாக இந்தச் சில ஆண்டுகளில் சூடுபிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

1868-ல் பிட்ஸ்பர்க்கின் இரண்டு ஆலைக்காரர்கள் கைப்பிடி விளக்குக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஒருவர் டேனியல் ரிப்லி. மற்றவர் சகோதரரோடு ஆலை நடத்திய தாமஸ் அட்டர்பரி. ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே ஆண்டு. பக்கத்து ஆலையில் என்ன நடக்கிறதென்று வேலையாட்கள் வழியாகத் தெரியாமல் இருந்திருக்காது.

இந்த முறையின் சூட்சுமம் வரிசையில்தான் இருக்கிறது. கைப்பிடியை முதலில் அழுத்தி வார்த்துவிடுவது. அது செந்தணலாக இருக்கும்போதே கிண்ணத்தை ஊதுவது. இதை இரண்டு விதமாகச் செய்யலாம். கைப்பிடியைத் தனியாக வார்த்து, ஊதும் அச்சின் பக்கத்தில் அதற்கென்று விட்ட இடத்தில் பொருத்திவிட்டு, குழாயில் உள்ள கண்ணாடியை ஊதினால், உப்பி வரும் வயிறு அச்சுச் சுவரில் மோதும்போது கைப்பிடியின் இரு நுனிகளோடும் பற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் கைப்பிடியையும் கிண்ணத்துக்கான கட்டியையும் சேர்த்தே அழுத்தி எடுத்து, கட்டியை மட்டும் பிறகு ஊதிப் பெருக்கலாம். எந்த வழியானாலும் காற்று கைப்பிடிக்குள் போவதில்லை; போவதற்குள் அங்கே இடம் அடைபட்டிருக்கும்.

எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. உலை முன்னால் நிற்பவருக்குக் கையிலிருப்பது சில நொடி. கைப்பிடி அதிகம் ஆறியிருந்தால் ஊதிய வயிறு அதில் பிடிக்காது, பிடித்தாற்போல் இருந்து பிறகு உதிரும். அதிகம் இளகியிருந்தால் வளையம் தொங்கி உருவம் கெடும். அச்சு குளிர்ந்திருந்தால் கண்ணாடியின் மேல்தோல் சுருக்கம் விழும். மிகச் சுட்டால் கண்ணாடி அச்சோடு ஒட்டும். அச்சை அளவான சூட்டில் வைத்துக்கொள்வதே ஒரு தொழில். கண்ணாடி எடுப்பவர், ஊதுபவர், முடிப்பவர் என்று குழுவாக வேலை. அச்சைத் திறந்து மூடவும், செய்த சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடவும் சிறுவர்கள். அந்தச் சிறுவர்கள் நாற்பது ஆண்டு கழித்தும் அமெரிக்கக் கண்ணாடி ஆலைகளில் இருந்தார்கள். 1908 வாக்கில் லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்களில் கரி படிந்த முகத்தோடு நிற்கிறார்கள். விளக்கு மலிவானதில் அவர்கள் கூலிக்கும் பங்குண்டு.

அச்சிலிருந்து வந்த பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. கிண்ணத்தின் சுவர் மெல்லியது, சீக்கிரம் ஆறும். கைப்பிடி தடித்தது, மெதுவாக ஆறும். முன்னே ஆறியது முன்னே சுருங்கும், பின்னே ஆறுவது பின்னே சுருங்கும்; இரண்டும் சேருமிடத்தில் இழுபறி. அப்படியே மேசையில் வைத்துவிட்டால் ராத்திரி யாரும் தொடாமலே விரிசல் விடும். அதனால் ஏறத்தாழ 500 டிகிரி செல்சியசில் இருக்கும் நீண்ட அடுப்புக்குள் அனுப்பி, மெல்ல மெல்ல ஆறவைத்து மறுமுனையில் எடுப்பார்கள்.

விளக்கின் வாய்க்கு மட்டும் இந்த அக்கறை தேவைப்படவில்லை. ஊதியபின் குழாயிலிருந்து உடைத்தெடுக்கும்போது வாய் விளிம்பு கரடுமுரடாக இருக்கும். குடிக்கும் குவளையென்றால் அதைச் சூட்டில் மழுக்க ஒரு ஆள் வேண்டும். விளக்குக்கு லேசாகத் தேய்த்துவிட்டால் போதும். அதன்மேல் பித்தளை வளையத்தை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்துப் பதித்து, பர்னரை அதில் திருகிவிடுவார்கள். விளிம்பின் லட்சணம் யாருக்கும் தெரியாது. பாதி ஊதி, பாதி அழுத்தும் முறை குவளையில் வேர்பிடிக்காமல் விளக்கில் பிடித்ததற்கு அந்தப் பித்தளை வளையமும் காரணம் என்பேன்.

ரிப்லிக்குக் கைப்பிடியோடு ஆசை அடங்கவில்லை. 1870-ல் கல்யாண விளக்கு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரே காலின் மேல் இரண்டு எண்ணெய்க் கிண்ணங்கள், நடுவில் தீக்குச்சி வைக்க ஒரு கிண்ணி. மணமகன் ஒரு திரி, மணமகள் ஒரு திரி என்று ஏற்ற வேண்டுமாம். கல்யாணச் சந்தையைக் குறிவைக்க அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. இன்று ஏலத்தில் நல்ல விலை போவது அதுதான். வீடு வீடாக உழைத்த ஒற்றைக்காது விளக்கைச் சீந்துவாரில்லை.

தூக்கிக்கொண்டு நடக்கும் விளக்கு என்றால் கைதவறும் விளக்கும்தான். மண்ணெண்ணெயில் மலிவான பெட்ரோலைக் கலந்து விற்ற வியாபாரிகள் இருந்த காலம். சரியாக வடிக்காத எண்ணெய் கிண்ணத்துக்குள்ளேயே ஆவியாகி வெடித்தது. 1871 அக்டோபரில் சிகாகோ நகரம் எரிந்தபோது பழி ஓலியரி என்ற அம்மாவின் பசுமாட்டின்மேல் விழுந்தது: பால் கறக்கும்போது பக்கத்திலிருந்த விளக்கை உதைத்துவிட்டதாம். ஆதாரம் ஏதும் இல்லை. 1997-ல் சிகாகோ நகர மன்றம் தீர்மானம் போட்டு அந்த அம்மாவையும் மாட்டையும் விடுவித்தது. கதை நிலைத்ததற்குக் காரணம், அது நடக்கக்கூடியது என்று விளக்கு வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருந்ததுதான்.

எண்ணெய் கப்பலேறி இந்தப் பக்கமும் வந்தது. மரப்பெட்டிக்கு இரண்டு தகர டின், டின்னுக்கு ஐந்து அமெரிக்க காலன். எண்ணெய் தீர்ந்தபின் அந்த டின் நம் ஊர்களில் தண்ணீர் சுமந்தது, அரிசி காத்தது. சீனாவில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி எண்ணெய் விற்பதற்காகவே சிறு விளக்குகளை மலிவாகப் பரப்பியது. நம் வீடுகளின் சிம்னி விளக்கும் அரிக்கேனும் வெவ்வேறு வழிகளில் வந்தவை. அரிக்கேனில் கண்ணாடிக்குப் பிடி கிடையாது, கம்பிதான் பிடி.

பழம்பொருள் கடையில் காதுள்ள கண்ணாடி விளக்கு ஒன்று கையில் கிடைத்தால் விரலால் தடவிப் பாருங்கள். கைப்பிடியின் நுனி கிண்ணத்தின்மேல் அப்பியதுபோல் தடித்தோ சுருண்டோ இருந்தால் அது தனியாக ஒட்டியது. கைப்பிடியின் முதுகில் மெல்லிய கோடு ஓடினால் அது அச்சின் இரு பாதிகள் கூடிய இடம். இப்போது புதிதாகச் செய்து பழசு என்று விற்கிறவற்றிலும் இந்தக் கோடு உண்டு. ஆகையால் கோட்டைக் காட்டி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

1891-ல் ரிப்லி ஆலை வேறு பல ஆலைகளோடு யுனைடெட் ஸ்டேட்ஸ் கிளாஸ் கம்பெனியில் கரைந்தது. மின்விளக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு பகுதியை முதலில் அழுத்திவிட்டு மற்றதைப் பிறகு ஊதும் வரிசை அதே பிட்ஸ்பர்க்கில் அதற்கு முன்பே இன்னொரு பொருளில் தலைகாட்டியிருந்தது. 1882-ல் பிலிப் ஆர்போகாஸ்ட் என்பவர் அகன்ற வாய் ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார்: மூடி திருகும் வாயை முதலில் அழுத்தி முடித்துவிடு, உடம்பைப் பிறகு வேறு அச்சில் ஊது. பத்து ஆண்டுக்கு மேல் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1893-ல் பீவர் ஃபால்சில் ஓர் ஆலை அந்த முறையில் வாசலின் ஜாடிகள் செய்யத் தொடங்கியது. இன்று கடையில் வாங்கும் ஜாம், ஊறுகாய்க் கண்ணாடி ஜாடிகள் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் இயந்திரத்தில் வருகின்றன. அங்கே ஊதுவது வாய்க்காற்று அல்ல, குழாயில் வரும் அழுத்தக் காற்று.