தீவும் கிணறும்: மு. தளையசிங்கம்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடப்பவர்களுக்கு வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் உண்டு. குடிப்பவர் என்ன சாதி என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக ஓர் எழுத்தாளர் அடிபட வேண்டியிருந்த வரலாறும் தமிழில் இருக்கிறது. அவர்தான் மு. தளையசிங்கம்.

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே உள்ள புங்குடுதீவில் 1935-இல் பிறந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து ஆசிரியரானார். அவர் எழுதாத வகை குறைவு. 1965-இல் 'புதுயுகம் பிறக்கிறது' சிறுகதைத் தொகுப்பு வந்தது. 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' ஈழத்து இலக்கியத்தை எடைபோட்ட விமர்சனம். 1970-இல் 'போர்ப்பறை' வெளியானது. இனப்பிரச்சினையைப் பேசும் 'ஒரு தனி வீடு' நாவல் அவர் மறைவுக்குப் பிறகே நூலானது. கதை, கவிதை, கட்டுரை என்ற பிரிவுகளைத் தாண்டிய ஒரு புதிய வடிவத்துக்கு 'மெய்யுள்' என்று பெயரிட்டார். அந்தப் பெயரிலேயே 1974-இல் சென்னையில் க்ரியா ஒரு நூலை வெளியிட்டது.

எழுத்து வேறு, வாழ்க்கை வேறு என்பதை அவர் ஏற்கவில்லை. சுற்றிலும் கடல் இருந்தும் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் குறைவு. கிணறு யார் கையில் இருக்கிறதோ, ஊரும் அவர் கையில்! புங்குடுதீவு கண்ணகி அம்மன் கோயில் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளத் தடை இருந்தது. மகாராஷ்டிரத்தின் மகாத் நகரில் 1927-இல் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடித்துக் காட்டிய 44 ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த நிலை. 1971-இல் தளையசிங்கம் அங்கே சத்தியாக்கிரகம் நடத்தினார். காவல்துறையினர் அவரைத் தாக்கினர். அதன்பின் உடல்நலம் குன்றி 1973-இல் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 40 கூட ஆகவில்லை.

அவர் தொடங்கிய பாதை அத்துடன் நிற்கவில்லை. தம்பி மு. பொன்னம்பலம் கவிதை, சிறுகதை, நாவல், விமர்சனம் எனப் பல துறைகளில் எழுதினார். 'கடலும் கரையும்' அவருடைய சிறுகதைத் தொகுப்பு. அதே தீவின் கவிஞர் சு. வில்வரத்தினம், 1991-இல் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபின் ஆளில்லாமல் போன ஊரை 'காற்றுவழிக் கிராமம்' தொகுப்பில் பதிவு செய்தார்.

சாதியால் தண்ணீர் மறுக்கப்பட்ட ஊர், பிறகு போரால் மனிதர்களையே இழந்து நின்றது. இந்த இரண்டு துயரங்களையும் அறிய, ஒரே தீவில் பிறந்த இவர்களின் நூல்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.