கண்ணகியின் சீற்றமும் காப்பிய நியாயமும்

தொலைக்காட்சித் தொடர்களில் நெடுங்காலம் பொறுமையின் வடிவாகக் காட்டப்பெற்ற தலைவி ஒருநாள் கொடியவளாக மாறும்போது, அம்மாற்றத்திற்குக் கதை முன்னரே வித்திட்டிருக்கிறதா என்னும் வினா பார்ப்போரிடையே எழுகின்றது. தமிழுக்கு இவ்வினா புதியதன்று. கணவன் பிரிந்திருந்த காலமெல்லாம் பெரும்பாலும் வாய் திறவாதிருந்த ஒருத்தி தலைநகரையே எரியூட்டிய கதையைத் தன் முதற் காப்பியமாகக் கொண்ட மொழி இது. இடுக்கி மாவட்டத்து ஏலமலைகளில், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களில் வாழும் தமிழர்க்கு அது ஏட்டுக்கதை மட்டுமன்று. குமுளிக்கு மேலே, தமிழக எல்லையை ஒட்டி மங்கலதேவி கோட்டம் நிற்கின்றது. சிலம்பு கூறும் மலைக்கோட்டம் இதுவே என 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அறிவித்தார்.

சங்கப் பாடல்களில் இக்கதையின் கூறுகள் தனித்தனியே கிடக்கின்றன. புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள், பேகனால் துறக்கப்பட்ட கண்ணகிக்காகப் புலவர்கள் பரிந்துரைத்தவை. அக்கண்ணகி அழுகிறாள், அதற்குமேல் ஒன்றும் செய்வதில்லை. நற்றிணை 216ஆம் பாடலில் வரும் திருமாவுண்ணி, அயலான் ஒருவன் விளைத்த துயரால் தன் ஒரு முலையை அறுத்தவள். வேங்கை மரமும் அங்கு உண்டு. ஆனால் நகரம் எரிந்த செய்தி அப்பாடலில் இல்லை. அவள் சினம் அவள் உடலோடு நின்றுவிடுகின்றது. அழுதவளும் அறுத்துக்கொண்டவளும் எரித்தவளாகும் இடத்திலேதான் இளங்கோவடிகளின் பொறுப்புத் தொடங்குகின்றது.

அப்பொறுப்பை அவர் இருவகையில் நிறைவேற்றியுள்ளார். ஒன்று கனா. பேரூர் ஒன்றில் தம்மீது ஏற்றப்பட்ட பழியையும், தான் அரசன்முன் வழக்குரைத்ததையும், அரசனுக்கும் ஊருக்கும் நேர்ந்த தீங்கையும் கண்ணகி தேவந்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். இது நிகழ்ச்சிக்கு இடும் வித்தே. பண்புக்கு இடும் வித்தன்று. நாளை நிகழ்வதை நேற்றே சொல்லிவிட்டால் திடீர்த்தன்மை குறையும் என்பது உண்மை. ஆனால் இவள் இதைச் செய்யக்கூடியவள்தானா என்னும் ஐயம் அதனால் தீராது.

பண்புக்குரிய வித்து அவளுடைய சில சொற்களில் உள்ளது. மனையறம் படுத்த காதையில் கோவலன் நீளப் பேசிப் பாராட்டுகிறான். அவள் ஒரு சொல்லும் மறுமொழி கூறுவதில்லை. காமவேள் கோட்டம் தொழுதால் கணவன் மீள்வான் எனத் தேவந்தி வழிகாட்டும்போது, அது பெருமையன்று என ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். கொலைக்களக் காதையிலோ, தன்னை ஏன் பின்தொடர்ந்தாய் என வருந்தும் கணவனிடம், அறவோரையும் விருந்தினரையும் பேணும் கடன் தனக்கு இல்லாமற்போனதையும், மாமன் மாமியர்முன் பொய்யாக முறுவலித்து நின்றதையும் சொல்லி, அவன் செய்தது போற்றத்தக்க ஒழுக்கமன்று என முகத்திற்கு நேரே கூறுகிறாள். குற்றச்சாட்டைத் தொகுத்துச் சான்றோடு வைக்கும் இப்பேச்சு, பாண்டியன் அவையில் அவள் ஆடவிருக்கும் வழக்கிற்கு ஒரு முன்னோட்டம் எனலாம். அடக்கம் என்று படிப்போர் கருதியது அஞ்சாமையின் மறுபக்கம் என்பது இங்கே புலனாகின்றது.

எனினும், அரசனைக் குற்றஞ்சாட்டியது ஒன்று, ஊரை எரித்தது வேறொன்று. பரல் தெறித்த அளவில் பாண்டியன் உயிர் நீத்தான், தேவியும் வீழ்ந்தாள். வழக்கு முடிந்துவிட்டது. அதன்பின் மதுரை ஏன் எரியவேண்டும்? மெய்யான இடர்ப்பாடு இதுவே. விடையை வஞ்சின மாலையில் தேடுவதினும் ஊர்சூழ் வரியில் தேடுவது தகும். இவ்வூரில் பெண்டிர் உளரா, சான்றோர் உளரா, தெய்வம் உண்டா என அவள் தெருவில் நின்று கேட்கிறாள். ஊரார் கலங்குகின்றனர், செங்கோல் வளைந்தது எனப் புலம்புகின்றனர், ஒருவரும் விடை கூறவில்லை. அரசன் விசாரிக்கப்படுமுன் ஊர் விசாரிக்கப்பட்டுவிட்டது. பார்ப்பாரையும் பசுவையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழவியரையும் விலக்குக என்னும் ஆணை, அந்த வினாவிலிருந்து பிறந்ததாகத் தோன்றவில்லை. எரியின் கொடுமையைக் குறைக்க வேண்டிப் புலவர் இட்ட வரம்பாகவே அது நிற்கின்றது.

அவர்க்கே மனம் அமையவில்லை போலும். மதுராபதித் தெய்வம் வந்து, முற்பிறப்பில் நீலி இட்ட சாபத்தால் கோவலன் இறந்தான் என்கிறது. ஆடித் திங்களில் மதுரை எரியும் என்னும் பழைய உரையையும் நினைவூட்டுகின்றது. முன்னது இழப்பிற்குக் காரணம். பின்னது எரிக்குக் காரணம். சினத்திற்குக் காரணம் இரண்டிலும் இல்லை. வாழ்த்துக் காதையிலோ, பாண்டியன் குற்றமற்றவன், தான் அவன் மகள் எனக் கண்ணகியே கூறிவிடுகிறாள். தன் தலைவியின் செயலைத் தலைவியின் வாயாலேயே தணிவிக்கும் ஆசிரியரைக் காப்பிய உலகில் எளிதிற் காண இயலாது.

பின்வந்தோர் இவ்விடர்ப்பாட்டை வேறுவகையில் கடந்தனர். புகழேந்தியார் பெயரில் வழங்கும் கோவலன் கதையில் கண்ணகி, பாண்டியன் குலத்தை அழிக்கப் பிறந்த காளி. ஈழத்துக் கண்ணகி வழக்குரை அவளை மாங்கனியிற் பிறந்த தெய்வமாக்குகின்றது. பிறப்பிலேயே அழிக்க வந்தவளுக்கு மாற்றம் தேவையில்லை. ஆகவே அம்மாற்றம் நியாயமா என்னும் வினாவும் இல்லை. வழிபாட்டிற்கு இது போதும். காப்பியத்திற்கு இது இழப்பே.

மலைவாழ்நர் நிலை தனித்தது. வையைக் கரை வழியே மேற்கு நோக்கிச் சென்று நெடுவேள் குன்றத்தில் வேங்கை நிழலில் நின்றவளைக் குன்றக்குறவர் யாரென வினவினர். மதுரையோடும் அரசனோடும் கணவனையும் இழந்தவள் என அவள் கூறினாள். அவர்கள் நியாயம் கேட்கவில்லை. அவள் விண்ணேறக் கண்டு, தெய்வமெனக் கொண்டு குரவை அயர்ந்தனர். சேரன் செங்குட்டுவனுக்குச் செய்தி சொன்னவர்களும் அவர்களே. வரந்தரு காதை குறிக்கும் மங்கல மடந்தை கோட்டத்தின் பெயர் மங்கலதேவி என இன்றும் அம்மலையில் வழங்குகின்றது.

சித்திரை முழுநிலவன்று, ஆண்டில் ஒருநாள் மட்டும், அக்கோட்டத்திற்குப் பொதுமக்கள் செல்ல இசைவு தரப்படுகின்றது. தமிழகத்தார் பளியன்குடியிலிருந்து காட்டு வழியே நடந்தேறுகின்றனர். குமுளிப் பக்கத்தார் ஜீப்பில் வருகின்றனர். மதுரையை விட்டு நீங்கும்போது கொற்றவை வாயிலில் தன் தொடியைத் தகர்த்துவிட்டுச் சென்றவள் கண்ணகி. அவள் கோட்டத்தில் அன்று பெண்டிர்க்கு வளையலும் மங்கல நாணும் வழங்கப்படுகின்றன.