பயோவா, மட்ஸா?

சாதாரணதரப் பெறுபேறு வந்த அன்றைக்கே யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு கேள்வி எழும்: "பயோவா, மட்ஸா?" கலைப் பிரிவும் வர்த்தகப் பிரிவும் இருக்கத்தான் செய்தன. ஆனால் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறமைச் சித்தி எடுத்த பிள்ளையிடம் அவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம்.

பேரப்பிள்ளைகளும் வாசிக்கக்கூடும் என்பதால் முதலில் ஒரு விளக்கம். எங்கள் காலத்தில் உயர்தரத்துக்கு நான்கு பாடங்கள், மொத்தம் 400 புள்ளி. கணிதப் பக்கம் போனவர்களுக்குத் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். மற்றப் பக்கம் போனவர்களுக்கு இரண்டு கணிதத்துக்கும் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும். தூய கணிதத்தில் வகையீடும் தொகையீடும் இருந்தன. பிரயோக கணிதத்தில் சுவரில் ஒரு ஏணி சாய்ந்து நிற்கும், அதில் ஒரு மனிதன் ஏறுவான். அவன் எந்தப் படியில் கால் வைக்கும்போது ஏணி வழுக்கும் என்று கண்டுபிடிப்பதற்குள் அரிக்கன் லாம்பில் எண்ணெய் முடிந்துவிடும்.

கணிதத்துக்கு எங்கள் ஊரில் பழைய வேர் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் வேதபாடத்தோடு கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நடத்திய முதலாவது பட்டப் பரீட்சையில் சித்தியடைந்த இருவரும் அந்தச் செமினரியில் படித்தவர்களே. ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. பின்னவர் அதற்கு முன்னரே, 1855இல், 'வீசகணிதம்' என்ற பெயரில் தமிழில் ஒரு அட்சரகணித நூலை எழுதி வெளியிட்டிருந்தார்.

வேர் இருந்தால் மட்டும் போதாது, தேவையும் இருக்கவேண்டும். ஆறில்லாத மண் எங்களது. கிணற்று நீரை நம்பிப் புகையிலையும் வெங்காயமும் வைக்கும் துண்டுக் காணிகள். நாலு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒருவருக்கும் காணாது. ஆகவே உத்தியோகம்தான் வழி. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று சொன்னவர்கள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இங்கு மட்டுமல்ல, மலாயாவின் ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தவர் போய் இருந்ததற்கும் இதுவே காரணம்.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் தொடங்கியது. முதலில் கொழும்பில் இருந்து, 1960களின் நடுப்பகுதியில் பேராதனைக்குப் போனது. அதே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் ஆய்வு செய்து திரும்பிய சி. ஜே. எலியேசர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த அழகையா துரைராஜா, கேம்பிரிட்ஜில் மண் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பேராதனையில் பேராசிரியரானார். இப்படிக் கண்முன்னால் ஆட்கள் இருந்தபோது, கணிதம் என்றால் என்ன ஆகலாம் என்று தாய் தகப்பனுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

அடுத்த படி, உயர்தர விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் படிப்பிக்கத் தொடங்கியது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்களையும் பாடநூல்களையும் வெளியிட்டது. ஆர்முடுகல், திணிவு, நியமிப்பு என்ற சொற்களை நாங்கள் பழகியது அப்போதுதான். ஆங்கிலத்தில் படித்து வந்த ஆசிரியர்கள் முதல்நாள் இரவு தாங்கள் மொழிபெயர்த்துக்கொண்டு வந்ததை மறுநாள் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆங்கிலம் தெரியாத வீட்டுப் பிள்ளையும் தொகையீடு படிக்கலாம் என்ற நிலை அதனால் வந்தது.

கணிதத்தில் பெற்றோருக்கு இருந்த நம்பிக்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். கட்டுரைக்குப் புள்ளி போடுகிறவர் கூட்டலாம், குறைக்கலாம். நேர்முகத்துக்குப் போனால் ஆள் தெரிந்திருக்கவேண்டும். ஏணிக் கணக்குக்கு விடை ஒன்றுதான். எழுதியவன் யார், தகப்பன் யார் என்று அது கேட்காது. கணிதப் பிரிவின் மதிப்பில் பாதி சம்பளத்தால் வந்தது என்றால், மறுபாதி இந்த நம்பிக்கையால் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த நம்பிக்கையில்தான் அடி விழுந்தது. 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதுமாக இருந்தது. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. 1973இல் மொழிவாரியாகப் புள்ளிகளைச் சமன்செய்யும் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. 1969இல் விஞ்ஞானத் துறைகளுக்கு அனுமதி பெற்றவர்களில் 27.5 சதவீதமானோர் வட மாகாணத்தவர். 1974இல் அது 7 சதவீதம்.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். மாவட்ட ஒதுக்கீட்டால் ஆய்வுகூடமே காணாத பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. மட்டக்களப்பு, மன்னார்ப் பிள்ளைகளும் அதில் அடக்கம். கொழும்புச் சிங்களப் பிள்ளைகளும் அதே முறையால் இடம் இழந்தார்கள். ஆனால் மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி என்பது வேறு விஷயம். ஒரே கணக்கு, ஒரே விடை, இரண்டு பெறுமதி. இடம் குறைந்ததைவிட இதுதான் பெடியளின் மனதைச் சுட்டது. அதன் பிறகு இந்த மண்ணில் என்ன நடந்தது என்பது நீங்கள் அறியாததல்ல.

கணிதம் எடுத்தவனுக்கு இன்னொரு சிக்கல். பொறியியல் கிடைக்காவிட்டால் பௌதிக விஞ்ஞானம். அதுவும் கிடைக்காவிட்டால் நாலு பாடத்தையும் வைத்துக்கொண்டு போக வேறு இடமில்லை. என்னோடு படித்த ஒருவன் மூன்று தரம் சோதனை எடுத்தான். கடைசியில் எழுதுவினைஞர் சோதனை எழுதிக் கச்சேரியில் சேர்ந்தான். ஓய்வு பெறும்வரை அவனுடைய மேசை லாச்சிக்குள் மடக்கை வாய்பாட்டுப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதைப் பற்றி அவன் கதைத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. பெண் பிள்ளைகளுக்கு வழி இன்னும் ஒடுக்கம். பிரயோக கணிதம் படிப்பிக்க ஆளில்லை என்பதற்காகவே பயோ எடுத்த கெட்டிக்காரிகளை எனக்குத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஊர் கணிதத்தைக் கைவிடவில்லை. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறந்தபோது அங்கே விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்தது. 1977இல் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு விகிதம் மாறி மாறி இன்றுவரை இருக்கிறது. கிடுகுக் கொட்டில்களில் ரியூட்டரிகள் பெருகின. 1990இல் மின்சாரம் நின்றுபோன பிறகு பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. பற்றரி இல்லாமல் மின்னோட்டம் படித்த மாணவர்கள் அவர்கள்.

2000ஆம் ஆண்டளவில் நாலு பாடம் மூன்றானது. தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்து இணைந்த கணிதம் ஆகின. அடுத்து இசட் புள்ளி வந்தது. எங்கள் தலைமுறை பேராதனைக்கும் கட்டுபெத்தைக்கும் ரயில் ஏறியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2010களில்தான் கிளிநொச்சி அறிவியல் நகரில் வந்து சேர்ந்தது.

இப்போது தொழில்நுட்பப் பிரிவு, தகவல் தொழில்நுட்பம் என்று வழிகள் கூடியிருக்கின்றன. ஆகவே பெறுபேறு வந்த அன்று பிள்ளையிடம் "பயோவா, மட்ஸா?" என்று கேட்பதற்கு முன், "எந்தப் பாடத்தைச் சொல்லாமலே எடுத்து வைத்துப் படிக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீடுகளில் அப்படிக் கேட்கக் கட்டுப்படியாகவில்லை. இன்றைக்குக் கேட்கலாம்.