மணிமங்கலமும் இந்திரதனுசும்

காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே 20 மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், ஒருபுறம் ஒரகடத்து மோட்டார்த் தொழிற்சாலைகளும் மறுபுறம் தாம்பரத்து வீடுகளும் நாளுக்கு நாள் நெருங்கி வர, தன் பெரிய ஏரியையும் பழைய கோயில்களையும் வைத்துக்கொண்டு கிடக்கிறது மணிமங்கலம். அவ்வழியே செல்லும் கம்பெனிப் பேருந்துகளில் உறங்கிக்கொண்டு போகிறவர்களில் மிகச் சிலரே, தென்னாட்டுச் சரித்திரத்தின் போக்கை மாற்றிய ஒரு யுத்தம் இந்த ஊரில் நடந்தது என்பதை அறிவார்கள். ஏழாம் நூற்றாண்டில், வாதாபிச் சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி காஞ்சியைக் கைப்பற்றக் கருதிப் படையெடுத்து வந்தபோது, பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் அவனைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் களங்களில் முறியடித்தான் என்று கூரம் செப்பேடு கூறுகிறது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாகக் கொண்டு பல்லவன் வெற்றி என்னும் எழுத்துக்களைப் பொறித்தான் என்றும் அது நயம்படப் பேசுகிறது. அதன்பின் 642-ல் வாதாபியே பல்லவர் கைவசமாயிற்று.

அந்தப் போருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் அவந்தி நாட்டில் வாழ்ந்த சோதிட அறிஞர் வராகமிகிரர், தம் பிருகத்சம்ஹிதையில் இந்திரதனுசின், அதாவது வானவில்லின், இலக்கணத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். பல வர்ணங்களையுடைய சூரிய கிரணங்கள், மேகம் படர்ந்த ஆகாயத்தில் காற்றினால் சிதறுண்டு வில்லின் வடிவம் கொள்கின்றன என்பது அவர் முதலில் சொல்லும் காரணம். அனந்தன் குலத்துச் சர்ப்பங்களின் மூச்சுக் காற்றிலிருந்து அது பிறக்கிறது என்று வேறு சில ஆசாரியர்கள் கருதினர் என்பதையும் அவர் மறைக்காமல் குறிப்பிடுகிறார். இவ்விரண்டில் முதலாவது, சூரிய ஒளியையும் மழைமேகத்தையும் சேர்த்துப் பார்த்த அளவில், உண்மையின் வாசற்படி வரை வந்து நிற்கும் கொள்கை என்றே சொல்லவேண்டும். ஆனால் அரசர்களுக்கு வேண்டியிருந்தது காரணம் அன்று, பலன். படையெடுத்துச் செல்லும் மன்னனுக்கு நேர் எதிரே வானவில் தோன்றினால் அவனுக்கு ஜயமில்லை என்று அந்நூல் தீர்ப்பு எழுதிவிட்டது.

இந்தத் தீர்ப்பை மணிமங்கலத்துப் பூமியில் வைத்துச் சோதிப்பது ஒரு வேடிக்கை. வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையிலேயே தோன்றும். ஆகவே காலை வில் மேற்கிலும் மாலை வில் கிழக்கிலுமாக நிற்கும். சூரியன் அடிவானத்துக்கு மேல் 42 பாகைக்கு அதிகமாக உயர்ந்திருந்தால் சமநிலத்தில் நிற்பவனுக்கு வில் தென்படவே தென்படாது. எனவே இந்தப் பிரதேசத்தில் ஆனி முதல் புரட்டாசி வரையுள்ள நாட்களில், பிற்பகலில் ஏறத்தாழ 3 மணி தாண்டிய பிறகே அதை எதிர்பார்க்கலாம். அம்மாதங்களில்தான், பகலெல்லாம் காய்ந்த வெயிலுக்குப் பின், மேற்கே திரண்ட இடிமேகம் ஒரு பாட்டம் கொட்டிவிட்டுக் கடலை நோக்கி நகர, பின்னாலேயே மேற்கில் வெயில் எட்டிப் பார்க்கும். ஐப்பசி கார்த்திகையின் அடைமழையிலோ வானம் முழுதும் மூடிக்கொள்வதால், மழை மிகுந்தும் வில் அரிதாகிறது. இனி, காஞ்சியிலிருந்து மாலை வேளையில் மணிமங்கலத்தை நோக்கி, அதாவது கிழக்கு முகமாக, வெயில் முதுகில் படப் புறப்படும் எந்தச் சேனைக்கும், வில் தோன்றுமானால் அது கண்ணெதிரே தோன்றியே தீரவேண்டும். காஞ்சியைக் காக்கப் புறப்பட்டவனுக்கே அபஜயம் என்று திசையே முடிவு செய்துவிட்ட இந்த நிமித்தத்தை நம்பியிருந்தால், பல்லவன் காலையில் மட்டுமே போருக்குப் போகவேண்டியிருந்திருக்கும்!

ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வரையில் வில்லின் காரணம் என்ன என்ற விஷயம் ஓரடிகூட முன்னேறவில்லை. மழைத்துளி ஒன்றைப் பெரிதாக்கிக் கைக்கெட்டும் இடத்துக்கு இறக்கிக்கொண்டவர்களே அதன் மர்மத்தைக் கண்டார்கள். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸியும், ஜெர்மானிய நாட்டில் ஃப்ரைபர்க் தியோடோரிக் என்னும் துறவியும், ஒருவரையொருவர் அறியாமலே, கண்ணாடிக் கோளத்தில் தண்ணீரை நிரப்பி அதையே ஒரு மாபெரும் மழைத்துளியாகப் பாவித்து ஒளியை உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். ஒரே காலத்தில் ஒரே யுக்தி இரண்டு தேசங்களில் உதித்தது தற்செயலன்று. இருவருக்கும் முன்பே, பதினோராம் நூற்றாண்டில், ஒளியியலுக்குப் பெருநூல் எழுதிவைத்த இப்னு அல்-ஹைதமின் வித்தை இருவருக்கும் பொதுவான மூலதனமாக இருந்தது.

அவர்கள் கண்டது இது. துளியின் மேற்பாதியில் நுழையும் கிரணம் நீருக்குள் வளைந்து, பின்சுவரில் மோதித் திரும்பி, கீழ்ப்பாதி வழியே மறுபடி வளைந்து வெளியேறுகிறது. வளையும்போது சிவப்பு குறைவாகவும் ஊதா அதிகமாகவும் வளைவதால் நிறங்கள் பிரிந்துவிடுகின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று. உள்ளே இருமுறை மோதித் திரும்பும் கிரணங்கள், முதல் வில்லுக்கு வெளியே, நிறங்கள் தலைகீழாக அமைந்த மங்கலான இரண்டாம் வில்லை உண்டாக்குகின்றன. ஏன் 42 பாகை என்ற கேள்விக்கு மட்டும் 1637-ல் தேக்கார்த் வந்து விடை சொன்னார். துளியின் மீது விழும் கிரணங்களை ஒவ்வொன்றாகக் கணித்து, அவற்றில் மிகப் பல அந்த ஒரு கோணத்தை ஒட்டியே குவிந்து வெளிவருகின்றன என்று அவர் காட்டினார். வெள்ளை ஒளிக்குள்ளேயே எல்லா நிறங்களும் அடங்கியிருக்கின்றன என்பதை நிலைநாட்டுவது நியூட்டனுக்கு எஞ்சியது. கொள்ளைநோய்க்கு அஞ்சி 1665-ல் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டதை ஒட்டிய காலத்தில் அவர் முப்பட்டகக் கண்ணாடியைக் கையிலெடுத்தார். முதலில் ஐந்து நிறங்களே கண்டவர், சங்கீதத்தின் ஏழு ஸ்வரங்களுக்கு இசையப் பின்னர் இரண்டைச் சேர்த்துக்கொண்டார் என்பது நம் பள்ளிப் புத்தகங்கள் சொல்லாமல் விடும் செய்தி.

அதே 1665-ல் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, வெனிஸ் நகரத்தாரின் ஏகபோகத்தை உடைக்க ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை ஏற்படுத்தினான். பின்னாளில் செயின்ட் கோபைன் என்று பெயர் பெற்ற அந்த ஸ்தாபனம், 2000-ம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில், மணிமங்கலத்துக்குச் சில மைல் அப்பால், உலை மூட்டியது. உருகிய தகரத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையால் கிடைக்கும் கண்ணாடியில் இரு பக்கங்களும் துல்லியமாக இணையாக இருக்கும். உள்ளே போகையில் வளைந்த ஒளி, வெளியே வருகையில் அதே அளவு எதிராக வளைந்து நேராகிவிடுவதால் நிறம் பிரிந்து தெரிவதில்லை. நியூட்டனுடைய கண்ணாடிக்கு நிறம் பிரிப்பதே வேலை. ஜன்னல் கண்ணாடிக்கோ நிறம் காட்டாதிருப்பதே லட்சணம். ஆயினும் முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தைச் சரிவாகச் சீவிவிட்டால், அந்தச் சரிவு ஒரு சிறு முப்பட்டகமாகி, காலை வெயில் பட்ட மாத்திரத்தில் சுவரெங்கும் வர்ணத் துணுக்குகளைச் சிதறும்.

வீட்டில் வானவில் செய்ய விரும்புகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் உபாயம் ஒன்று உண்டு: அகன்ற தட்டில் நீர் வார்த்து, அதில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஜன்னல் வெயிலைச் சுவரில் திருப்புவது. சாய்ந்த கண்ணாடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஆப்புப்போல் நிற்கும் தண்ணீரே முப்பட்டகமாகிறது. அழகான சோதனைதான், ஆனால் அது நிறமாலையே தவிர வில்லன்று. கமாலுத்தீனின் வழியைப் பின்பற்ற விரும்புவோர், வேதியியல் கூடத்தில் இருப்பது போன்ற குண்டுக் குடுவை நிறையத் தெளிந்த நீர் எடுத்து, வெயில் தாழ்ந்திருக்கும் காலையில், சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, தம் தலையின் நிழலிலிருந்து இரண்டு சாண் தள்ளி அதை வேறொருவரைக் கொண்டு உயரப் பிடிக்கச் செய்யவேண்டும். கையை நீட்டி விரித்த சாண் கண்ணுக்கு ஏறத்தாழ 20 பாகையை மறைக்கும். குடுவையின் அடிவிளிம்பில் ஒரு செம்பொறி மின்னும். அதைப் பிடித்திருப்பவர் மெல்லத் தாழ்த்தத் தாழ்த்த அப்பொறி மஞ்சளாகி, பச்சையாகி, நீலமாகி அணைந்துபோகும்.

முழு வில்லே வேண்டுமென்றால் மொட்டை மாடியில் தோட்டக் குழாயைத் திறந்து, வாயை விரலால் அழுத்தி, தன் நிழல் விழும் பக்கம் நீரைச் சிதறவிட்டால் போதும்; கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று கீழேயும் தெளித்தால் வில் வட்டமாகவே முடியும். கடையில் விற்கும் பனிபோலத் தூவும் முனைகளை மாட்டவேண்டாம். துளி மிகச் சிறியதானால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெளிறிய வெள்ளை வளைவே மிஞ்சும். கோடைமழைத் துளியைப்போல் சற்றுப் பருமனாக விழுந்தால்தான் சிவப்பு சிவப்பாக நிற்கும்.