காவிரிப்பூம்பட்டினம்

காவிரி வங்கக் கடலில் கலக்கும் இடத்தில் இருந்த முற்காலச் சோழர் துறைமுகம். புகார் என்பது இதன் மற்றொரு பெயர், இன்று பூம்புகார். 2020இல் உருவான மயிலாடுதுறை மாவட்டத்தில், சீர்காழிக்குத் தென்கிழக்கே உள்ளது. காரைக்கால் பகுதியின் வடக்கே கடலை ஒட்டிய திருவேட்டக்குடியிலிருந்து புறப்பட்டு, நண்டலாற்றைத் தாண்டித் தரங்கம்பாடி வழியாக வடக்கே போனால் அதே கரையில் அடுத்து வரும் பெரிய பெயர் இதுதான். கீழையூர், மேலையூர், வாணகிரி, பல்லவனீச்சரம் என்று இன்று தனித்தனியாக வழங்கும் இடங்களெல்லாம் அந்தப் பழைய நகரத்தின் பரப்புக்குள் அடங்குபவை.

இந்த நகரம் செழித்திருந்த காலத்தில், கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து பொம்பெயி, ஹெர்குலேனியம் ஆகிய ரோமானிய ஊர்களை மூடியது. அங்கே போகிறவர் கல் பாவிய தெருவில் நடக்கலாம். வண்டிச் சக்கரம் தேய்த்த தடத்தைக் காலால் தொட்டுப் பார்க்கலாம். ரொட்டிக் கடையின் அடுப்பு அப்படியே நிற்கிறது. சாம்பல் ஒரே நாளில் மூடி, பதினாறு நூற்றாண்டுக்கு மேல் காத்து வைத்ததன் பயன் அது. ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பெயியில் 1748இலும் தோண்டத் தொடங்கினார்கள். வேலை இன்னும் முடியவில்லை. அதே முதல் நூற்றாண்டில் ரோமானிய வாணிகத்தின் மறுமுனையில் செழித்திருந்த புகாருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இதை மூடியவை ஆற்று வண்டலும் கடலும். வண்டல் தன் பங்கைக் காத்தது. கடல் அரித்துக்கொண்டு போனது.

பொம்பெயியையும் புகாரையும் ஒருங்கே நினைக்கக் காரணம் உண்டு. வெசுவியஸ் வெடித்த நாளில் கப்பற்படைத் தலைவராகக் கரையோரம் சென்று, ஸ்டாபியேயில் உயிர்விட்ட மூத்த பிளினிதான், ரோமப் பேரரசிலிருந்து ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று தம் நூலில் வருந்தி எழுதியவர். பொம்பெயியின் ஒரு வீட்டில் 1938இல் கிடைத்த தந்தப் பெண் சிற்பம் இந்தியக் கைவேலை. அது பெரும்பாலும் தக்காணத்தில் செதுக்கப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. கேரளத்தின் பட்டணம் அகழ்வில் நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூல் சோழக் கரையில் ‘கமரா’ என்றொரு துறையைச் சொல்கிறது. அது காவிரிப்பூம்பட்டினமே என்று கொள்வோர் பலர். இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் ‘கபேரிஸ்’ என்ற வாணிகத் துறையில் காவிரியின் பெயரே ஒலிக்கிறது.

தமிழ்ச் சான்றுகள் இன்னும் நெருக்கமானவை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலன் காலத்தைப் பாடிய பட்டினப்பாலை 301 அடிகள் கொண்டது. கடல் வழியே வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு மூட்டை, மேற்கு மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, ஈழத்து உணவு, காழகத்துப் பொருள் என்று பண்டகசாலை முற்றத்தில் குவிந்தவற்றை அது எண்ணிச் சொல்கிறது. சுங்கம் வாங்கிப் புலிமுத்திரை இட்டு அனுப்பும் அலுவலரையும் காட்டுகிறது. சிலப்பதிகாரம் நகரை இரண்டாகப் பிரிக்கிறது. கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் இடையே பகலில் நாளங்காடி கூடும். யவனர் குடியிருப்பு மருவூர்ப்பாக்கத்தில் இருந்தது. மரக்கலம் வந்து நிற்கும் துறையருகே அயல்நாட்டு வணிகர் தங்குவது இயல்புதானே.

நகரம் எப்படி முடிந்தது? மணிமேகலை சொல்லும் காரணம், மகனை இழந்த துயரில் சோழன் இந்திர விழாவை எடுக்க மறந்தான் என்பது. அதனால் வந்த சாபம் பலித்து ஊரைக் கடல் கொண்டது. தமிழர் மனத்தில் ‘கடல் கொண்ட பூம்புகார்’ என்ற தொடர் ஊன்றியது இந்தக் காப்பியத்தால்தான். ஆனால் ஒரே இரவில் எல்லாம் முடிந்தது என்று இதற்குப் பொருள் கொண்டால் மற்றச் சான்றுகள் ஒத்துவரவில்லை. 5ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் பௌத்தப் பெரியார் புத்ததத்தர் காவிரிப்பட்டினத்து விகாரையில் தங்கி நூல் எழுதினார். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பல்லவனீச்சரத்துக்குப் பதிகம் பாடினார். அப்படியானால் ஊர் ஒடுங்கியது; அழியவில்லை. கடல் ஒருபுறம் கரையை அரிக்க, காவிரியின் பெருவெள்ளம் கொள்ளிடம் வழியே போக, துறைமுகத்தின் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது என்று கொள்வதே பொருத்தம்.

அந்த அரிப்பு எப்படி நடக்கும் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வழியிலேயே தரங்கம்பாடியில் இறங்கலாம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது மாசிலாமணிநாதர் கோயில். டேனியர் 1620இல் வந்து கோட்டை கட்டியபோது அது ஏற்கெனவே முந்நூறு ஆண்டுப் பழமை உடையது. பின்னர் அலை அதன் முன்பகுதியைத் தின்றுவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கரையில் பாறை கொட்டியிருக்கிறார்கள். எழுநூறு ஆண்டில் ஒரு கல் கோயிலுக்கு இந்தக் கதி என்றால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய செங்கல் ஊருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்த வழியின் தொடக்கத்தில் உள்ள திருவேட்டக்குடியும் சம்பந்தர் பாடிய தலம். இறைவன் திருமேனியழகர். மாசிமகத்தன்று சுவாமி வேடக் கோலத்தில் கடலாடக் கரைக்கு எழுந்தருள்கிறார். சுற்றுவட்டார மீனவர் திரண்டு வந்து வரவேற்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால் மீனவ ஊர்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு போனது. பூம்புகார்க் கரையையும் அது விடவில்லை. அதன் பிறகும் சுவாமி அதே கடலுக்குத்தான் போகிறார். மணிமேகலையின் கடல்கோள் இந்தக் கரைக்காரர்களுக்கு வெறும் பழங்கதையாக ஒலிப்பதில்லை.

இலக்கியத்தில் மட்டும் இருந்த நகரம் கைக்கு எட்டியது 1962க்குப் பிறகு. இந்தியத் தொல்லியல் துறை அந்த ஆண்டில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் இங்கே அகழ்ந்தது. கே.வி.ராமனும் கே.வி.சௌந்தரராஜனும் இப்பணியில் முன்னின்றவர்கள். வாணகிரியில் வாய்க்காலிலிருந்து நீரை வாங்கித் தேக்கும் அரைவட்டச் செங்கல் அமைப்பு கிடைத்தது. பல்லவனீச்சரத்தில் சதுர அறைகள் வரிசையாக அமைந்த பௌத்த விகாரையும், சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் வெளிப்பட்டன. புத்ததத்தரின் சொல்லுக்கும் மணிமேகலை காட்டும் பௌத்தச் சூழலுக்கும் மண்ணுக்குள்ளிருந்து வந்த சாட்சி இது.

கீழையூர்ப் படகுத்துறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அகலமான செங்கற்களை அடுக்கிக் கட்டிய மேடை. அதன் நடுவே செங்குத்தாக நட்ட மரக்கட்டைகள். படகைக் கொண்டுவந்து கயிற்றால் கட்டிப் போட்ட முளைகள் என்றே ஆய்வாளர்கள் கொண்டார்கள். அந்த மரத்தின் ஒரு துண்டைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 300ஐ ஒட்டிய காலம் வந்தது. நூறாண்டு முன்பின் இருக்கலாம். இன்று அதன் பக்கத்தில் கடலும் இல்லை, படகு வரும் கால்வாயும் இல்லை. காவிரியின் கிளை ஒன்று அங்கே ஓடியிருக்கிறது. அது தூர்ந்தது, துறை மண்ணுக்குள் போனது, அதனால்தான் மரம்கூட மிஞ்சியது. பொம்பெயியில் சாம்பல் செய்த வேலையை இங்கே காவிரிச் சேறு செய்தது.

கடலுக்குள் தேடும் பணி 1980களில் தொடங்கியது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனத்தின் எஸ்.ஆர்.ராவ் இதற்குத் தலைமை தாங்கினார். தமிழ்நாடு தொல்லியல் துறையும் சேர்ந்துகொண்டது. அலை வந்து போகும் இடத்தில் செங்கல் கட்டடப் பகுதிகளும் உறைகிணறுகளும் தென்பட்டன. சங்க காலத்தைத் தேடி மூழ்கியவர்களுக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கப்பல் ஒன்றும் அகப்பட்டது. அதில் ஆண்டு பொறித்த ஈயப் பாளங்கள் இருந்தன. கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஏதோ ஒன்று இருப்பதும் 1991இல் பதிவானது. அதை வைத்துப் புகாருக்குப் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் வயது சொல்வோர் உண்டு. அது மனிதர் கட்டியது என்பதே உறுதிப்படாதபோது அந்தக் கணக்கை ஏற்க இயலாது. பட்டினப்பாலை தரும் பெருமை இந்த ஊருக்குப் போதும். ஊகத்தால் வயதைக் கூட்ட வேண்டியதில்லை.

ரோமத் தொடர்பின் திட்டவட்டமான சான்றுக்கு வடக்கே புதுச்சேரியின் அரிக்கமேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அரிக்கமேட்டுச் சாடித் துண்டைக் கண்ட மார்ட்டிமர் வீலர் 1945இல் அங்கே அகழ்ந்தார். இத்தாலியின் அரெட்சோ பாணியிலான சிவப்பு மெருகுப் பாண்டங்கள் கிடைத்தன. ஜே.எம்.கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் பணியைத் தொடர்ந்தார்கள். திருவேட்டக்குடி சேர்ந்திருக்கும் அதே புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் இருக்கும் இடம் அது.

பூம்புகாருக்கு வருகிற பெரும்பாலோர் கடற்கரைக்கும், 1973இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்கும் போகிறார்கள். ஏழுநிலை மாடத்தின் சுவரில் கோவலன், கண்ணகி கதை கல்லில் விரிகிறது. பள்ளிப் பிள்ளைகள் விரலால் தடவிக்கொண்டே கதையைச் சொல்லிப் போவார்கள். ஆடி அமாவாசையில் காவிரி சங்கமத்தில் நீராடப் பெருங்கூட்டம் சேரும். கடலகழாய்வில் கிடைத்தவற்றை வைத்த அருங்காட்சியகமும் உண்டு. கீழையூர்த் துறைக்கும் விகாரைக்கும் வழி கேட்டு வருவோர் மிகக் குறைவு. காவிரிப்பூம்பட்டினத்தின் உண்மையான சுவர் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரைக்கு ஒரே நடைவழி அமைத்து, எது துறை, எது விகாரை, ஆறு எங்கே ஓடியது என்று தமிழில் தெளிவாக எழுதி வைத்தால், கலைக்கூடத்தில் கதை கேட்ட பிள்ளை அரை நாளில் அந்தச் செங்கல்லையும் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறலாம்.