ஏழு குரல்களும் ஒரு யந்திரமும்

1960களின் அமெரிக்காவில் சங்கீதத்திற்கும் நிறம் இருந்தது. கறுப்பின மக்கள் தம் ஆலயங்களில் கைதட்டிப் பாடிய துதிப்பாடல்களிலிருந்து கிளைத்து, லௌகிகமான காதலையும் துயரத்தையும் பாடவந்த சோல் இசைக்கு ஒரு வானொலி நிலையம். மின்சாரக் கிதாரைத் தோளில் மாட்டிய வெள்ளை இளைஞரின் ராக் இசைக்கு வேறொரு வானொலி நிலையம். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்பதை அறிந்தவர்கள் அறிந்திருந்தார்களேயன்றி, வியாபாரம் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பிரிவினையைத் தம் வாத்தியங்களாலேயே அழிக்க முற்பட்டு, சில ஆண்டுகள் அதில் வெற்றியும் கண்டு, பின் தாமே சிதறிப்போன ஒரு கோஷ்டியின் சரித்திரம் இது. ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் என்பது அதன் பெயர்.

கோஷ்டியின் நாயகரான ஸ்லை ஸ்டோனின் இயற்பெயர் சில்வெஸ்டர் ஸ்டூவர்ட். 1943இல் டெக்ஸாஸ் மாநிலத்து டென்டனில் பிறந்து, கலிபோர்னியாவின் வலேஹோ நகரில் வளர்ந்த அவர், பக்தி மிகுந்த குடும்பத்தில் உடன்பிறந்தாரோடு ஆலயத்தில் பாடிப் பழகியவர். 1952இலேயே அச்சிறுவர்களின் துதிப்பாடல் இசைத்தட்டு ஒன்று வெளிவந்துவிட்டது. வாலிபத்தில் சான் பிரான்ஸிஸ்கோ வட்டாரத்தில் கறுப்பின நேயர்களுக்கான வானொலியில் அறிவிப்பாளராக அமர்ந்தபோது, சோல் பாடல்களுக்கிடையே பீட்டில்ஸையும் பாப் டிலனையும் தயக்கமின்றி ஒலிபரப்பினார். அதே காலத்தில் ஒரு சிறு இசைத்தட்டுக் கம்பெனியில் தயாரிப்பாளராக இருந்து, போ பிரம்மல்ஸ் போன்ற வெள்ளையர் குழுக்களின் பாடல்களையும் உருவாக்கிக் கொடுத்தார். ஆகவே இருவகைச் சங்கீதத்தின் நுட்பங்களும் கோஷ்டி தோன்றுமுன்பே அவருக்குக் கைவந்திருந்தன.

1966ஆம் ஆண்டின் இறுதியில், தம் குழுவையும் தம்பி ஃப்ரெடியின் குழுவையும் இணைத்து அவர் இக்கோஷ்டியை அமைத்தார். ஃப்ரெடி கிதார், லாரி கிரஹாம் பாஸ் கிதார், ஸிந்தியா ராபின்ஸன் டிரம்பெட். கறுப்பரான இவர்களோடு வெள்ளையரான கிரெக் எரிக்கோ டிரம்ஸும், ஜெர்ரி மார்ட்டினி சாக்ஸபோனும் வாசித்தனர். சிறிது காலத்தில் தங்கை ரோஸும் சேர, எண்ணிக்கை ஏழாயிற்று. இரு இனத்தாரும் ஒரே மேடையில் சமமாக நின்றதும், பெண்கள் வெறும் பின்பாட்டுக்காரிகளாக நில்லாமல் வாத்தியம் ஏந்தியதும், அந்நாளில் காண்பதற்கு அரிய காட்சி.

1967இல் வெளிவந்த முதல் இசைத்தட்டை வித்வான்கள் மெச்சினர், ஜனங்கள் வாங்கவில்லை. எளிதாய், ஆடுதற்கேற்றதாய் ஒன்று வேண்டும் என்று அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட எபிக் கம்பெனியார் கேட்டதன் விளைவாகப் பிறந்ததே, 1968இல் புகழ்பெற்ற ‘டான்ஸ் டு த மியூசிக்’. பிரதான பாடகர் ஒருவர், அவருக்குத் துணையாக மற்றவர் என்ற சம்பிரதாயத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு வாத்தியமும் முறைவைத்து முன்வர, ஒரே பாட்டை நான்கு குரல்கள் பங்கிட்டுப் பாடிய அந்த அமைப்பு, ஒருவர் அழைக்கச் சபையார் மறுமொழி பாடும் ஆலய வழக்கத்தின் மறுபிறப்பேயாகும். அதன் வேகம் பிறரையும் பற்றியது. மெருகிட்ட இனிமைக்குப் பேர்போன மோட்டவுன் கம்பெனியின் டெம்ப்டேஷன்ஸ் குழுவும் அவ்வாண்டே ‘கிளவுட் நைன்’ பாடலில் அந்த முறையைத் தழுவிக்கொண்டது.

கிரஹாமின் பாஸ் கிதாரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். இளமையில் தாயாரோடு கேளிக்கை விடுதிகளில் வாசித்துவந்தபோது டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாமற்போகவே, அந்தக் குறையை நிரப்பக் கட்டைவிரலால் தந்தியை மத்தளம்போல் அடித்தும், மற்ற விரலால் சுண்டி இழுத்தும் வாசிக்கத் தொடங்கியதாக அவரே கூறியிருக்கிறார். குறைக்குக் கண்ட அந்த உபாயமே பின்னர், தாளத்தையே முதன்மையாகக் கொண்ட ஃபங்க் இசையின் இலக்கணமாயிற்று. 1970இன் தொடக்கத்தில் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற ‘தேங்க் யூ’ என்ற பாடல் அதற்குச் சான்று.

அதற்கு முந்திய 1969ஆம் ஆண்டே அவர்களுடைய உச்சம். ‘எவ்ரிடே பீப்பிள்’ முதலிடத்தை எட்டியது, ‘ஸ்டாண்ட்!’ இசைத்தட்டு வெளிவந்தது. ஆகஸ்டு மாதம் வுட்ஸ்டாக் இசைப் பெருவிழாவில், விடியுமுன் களைத்துக் கிடந்த பெருங்கூட்டத்தை எழுப்பி ஆடச்செய்தார்கள்.

ஆனால் மார்ட்டின் லூதர் கிங் அதற்கு முந்திய ஆண்டே கொலையுண்டிருந்தார். நாட்டின் மனோநிலை இருளத் தொடங்கியிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறிய ஸ்லை போதைப் பழக்கத்தில் ஆழ்ந்து, கச்சேரிகளுக்குத் தாமதமாக வந்தார். பலவற்றுக்கு வராமலே இருந்தார். 1971இல் எரிக்கோ விலகினார். அவர் இடத்தை நிரப்பியது ஒரு தாள யந்திரம். அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த ‘தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்’ இசைத்தட்டில் பெரும்பாலான வாத்தியங்களை ஸ்லை தாமே ஒவ்வொன்றாக வாசித்துச் சேர்த்தார். ஒரே ஒலிநாடாவில் மீண்டும் மீண்டும் பதிந்ததால் நாதம் தேய்ந்து, மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் மங்கி ஒலித்தது. ‘தேங்க் யூ’ பாடலையே அதில் மறுபடியும் பாடினார். துள்ளியோடிய அதே பாட்டு இம்முறை கால் இழுத்து நடந்தது. ஆயினும் அத்தட்டு முதலிடம் பெற்றது. அதிலுள்ள ‘ஃபேமிலி அஃபேர்’, யந்திரத் தாளத்தைக் கொண்டு முதலிடம் அடைந்த ஆதிப் பாடல்களுள் ஒன்றாயிற்று.

1972இல் கிரஹாமும் பிரிந்தார். 1973இல் வந்த ‘ஃப்ரெஷ்’ நுட்பத்தில் குறைந்ததன்று. எனினும் 1975 ஜனவரியில் நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கின் ஆசனங்கள் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்க, கோஷ்டி கலைந்தது. அதன்பின் ஐம்பதாண்டு வாழ்ந்து, 2025 ஜூனில் ஸ்லை மறைந்தார்.

இதை எழுச்சியும் வீழ்ச்சியுமாகச் சொல்லி முடிப்பதே வழக்கம். நாதத்தை மட்டும் கேட்பவருக்கு அந்தத் தீர்ப்பு போதாது. ஏழு பேர் இசைந்து வாழ்ந்தவரையில் அவர்களுடைய இசை ஒரு சம்பாஷணையாக இருந்தது. இசைவு குலைந்தபோது அது ஒருவரின் தனிமொழியாயிற்று. பின்வந்தோர் மிகுதியாகப் பின்பற்றியது அந்தத் தனிமொழியையே. ஓர் அறையும் ஒரு யந்திரமும் இருந்தால் அது எவருக்கும் சித்திக்கும். சம்பாஷணைக்கோ ஒருவருக்கொருவர் இடம்விட்டு வாசிக்கச் சம்மதிக்கும் ஏழு பேர் வேண்டும். எல்லா வாத்தியத்தையும் தனித்தே வாசித்து 1978இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட பிரின்ஸ், இதை உணர்ந்தவர்போலும். மேடைக்கு வந்தபோது ஆணும் பெண்ணும் கறுப்பரும் வெள்ளையருமான கோஷ்டி ஒன்றைத் தம்மைச் சுற்றி நிறுத்திக்கொண்டார்.